மாத மடலில் ஆங்கில வாக்கியக் கட்டைக் களைந்த விதம்

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் மாத மடலைத் திருத்தும் பொறுப்பு எனக்கு வந்தபோது, சொற்கள் தமிழாக இருந்தும் வாக்கியக் கட்டு ஆங்கிலமாக இருப்பதைக் கண்டு வருந்தினேன். 'கூட்டம் தலைவரால் நடத்தப்பட்டது' போன்ற செயப்பாட்டு வினைகளே மிகுதி. செய்தவர் யார் என்று தெரிந்திருக்கையில் தமிழுக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை என்பதால், 'கூட்டத்தைத் தலைவர் நடத்தினார்' என்று மாற்றினேன். செயப்படுபொருளை முன்னிறுத்த இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ' மட்டுமே போதும். 'அவர் ஒரு மருத்துவர்' என்பதில் ஆங்கிலத்தின் 'a' போல வந்த 'ஒரு' நீங்கியது. 'ஏனெனில்' என்று காரணத்தைப் பின்னால் ஒட்டியிருந்த வாக்கியங்களில் காரணத்தை முன்னே கொண்டுவந்து, 'தொட்டியைக் கழுவுவதால் நாளை தண்ணீர் வராது' என்பதுபோல் ஒரே வினைமுற்றில் முடித்தேன். செய்தவர் தெரியாத இடங்களில் மட்டும் செயப்பாட்டு வினையை விட்டுவைத்தேன். அது பழந்தமிழிலும் உண்டு.