வயலின் பிள்ளைகளுக்கு ஜாஸ்: சுத்த தன்யாசியில் தொடங்கலாம்
புதுச்சேரியில் வயலின் கற்கும் பிள்ளைகளில் பலர் கர்நாடக இசையும் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கு ஜாஸ் மனோதர்மம் (அப்போதைக்கு அப்போது கற்பனை செய்து வாசிப்பது) சொல்லித்தர ஏ மைனர் பென்டடானிக் என்ற ஐந்து சுர வரிசை நல்ல தொடக்கம்: ஏ, சி, டி, இ, ஜி. ஏ-வை ஸட்ஜமாக (ஸ) வைத்தால் இது சுத்த தன்யாசி ராகம். மேற்கத்தியச் சுருதியில் திறந்த தந்திகள் (விரல் வைக்காத தந்திகள்) நான்கும் இதற்குள் அடங்கிவிடும். அபஸ்வர பயம் இல்லை.

மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நான்கு தட்டில் 2, 4-வது தட்டில் மட்டும் ஒலிக்கட்டும். நான்கு தட்டுக்கு நீங்கள் வாசியுங்கள், அடுத்த நான்கில் மாணவர் பதில் வாசிக்கட்டும். முதலில் ஏ ஒன்றே போதும், தாளத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) வந்தால் தடுக்காதீர்கள், அது அழகு. ஆனால் வில்லை நீளமாக இழுக்க விடாதீர்கள். வில்லின் நடுவில் சின்னச் சின்ன வீச்சாக வாசித்தால் ஸ்விங் (ஜாஸின் துள்ளல் நடை) எளிதாக வரும். அப்புறம் டி-க்கும் இ-க்கும் இடையே இ ஃபிளாட்டை (இ-க்கு அரைச் சுரம் கீழே) சேருங்கள், ப்ளூஸ் வாசனை வந்துவிடும்.