ஒரே ஃபைபரில் 32 வீடுகள்: செய்யக்கூடாதவை

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கத்து அடுக்குமாடிகளில் ஃபைபர் இணையம் மந்தமானால் பழி வைஃபை மேல் விழும். அடுத்து, ராத்திரியெல்லாம் படம் பார்க்கும் மேல்மாடிக்காரர் மேல். பல நேரம் கோளாறு இருப்பது சுவரோரம் செருகியிருக்கும் கனெக்டரில்.

இணைய நிறுவனத்தின் நிலையத்திலிருந்து வரும் ஓர் ஃபைபர் இழையை ஸ்பிளிட்டர் பிரித்து, பெரும்பாலும் 32 வீடுகளுக்குக் கொடுக்கிறது. இப்படிப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் முறையில், வீட்டுக்குக் கீழே இறங்கும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர். வீட்டிலிருந்து ஏறுவது 1310. ஏறும் வழியில் முறைவைப்பு உண்டு. ஒவ்வொரு மோடமும் தனக்கு ஒதுக்கிய நொடித்துளியில் மட்டுமே லேசரை எரிக்க வேண்டும்.

இந்த முறைவைப்பைக் குலைப்பதுதான் பெரிய தவறு. அலுவலகத்தில் மிச்சமான மீடியா கன்வெர்ட்டரை (ஃபைபரை லேன் கேபிளுக்கு மாற்றும் பெட்டி), "செருகித்தான் பார்ப்போமே" என்று சுவர்ப் புள்ளியில் மாட்டிவிடுகிறார்கள். அதன் லேசர் ஓயாமல் எரியும். அதுவும் 1310 வகையாக இருந்துவிட்டால், அண்டை வீடுகளின் சமிக்ஞை நிலையத்தில் அப்படியே மூழ்கிப்போகும். மாட்டியவருக்கோ தன் வீட்டில் வேலை செய்யவில்லை என்ற எரிச்சல் மட்டும்தான். பிடுங்காமல் வேலைக்குப் போய்விடுவார். பிறகு டெக்னீஷியன் ஸ்பிளிட்டரின் கால்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். லேசர் அணையாமல் சிக்கிக்கொண்ட பழுதான மோடமும் இதே வேலையைச் செய்யும்.

பச்சைத் தலை கனெக்டரை நீலத் தலை கனெக்டரோடு சேர்ப்பது அடுத்தது. 'சொடுக்' என்று சரியாகத்தான் உட்காரும், அதில்தான் ஏமாற்றம். பச்சையின் முகம் 8 பாகை சாய்த்துத் தீட்டப்பட்டது. நீலத்தில் அந்தச் சாய்வு இல்லை. இடையில் காற்று நுழைய, சில டெசிபெல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) வீணாகும். எதிரொளி வேறு திரும்பி ஓடி லேசரைக் கலைக்கும்.

கனெக்டரைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். ஒளி ஓடும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரோமீட்டர்தான். ஒரு தூசி போதும். அதற்கென்று இருக்கும் துடைப்பான் பேனாவால், செருகும் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதும் வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஆபத்தாகலாம்.

டிவி அலமாரிக்குப் பின்னால் இழையை மடக்கித் திணித்தால், கீழே இறங்கும் 1490 ஒளிதான் முதலில் அடிபடும்.

டிவி கேபிளைப் பிரிப்பதுபோல ஃபைபரையும் இரண்டு அறைக்குப் பிரிக்கச் சிலர் கேட்கிறார்கள். பி பிளஸ் என்ற ஜிபான் வகையில், நிலையத்திலிருந்து வீடு வரை மொத்தம் தாங்கும் ஒளி இழப்பு 28 டெசிபெல். 32-ஆகப் பிரிப்பதே ஏறத்தாழ 17-ஐத் தின்றுவிடுகிறது. வீட்டில் இன்னொரு ஸ்பிளிட்டர் வந்தால் மேலும் மூன்றுக்கு மேல் போகும். அடுத்த அறைக்கு லேன் கேபிள் இழுங்கள்.

"அண்ணே, விளக்கெல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது?" என்பார்கள். வந்து சேரும் ஒளியின் வலிமையை டிபிஎம்மில் அளப்பார்கள்; மைனஸ் எண் பெரிதானால் ஒளி மங்கல். இந்த வகையில் மோடம் தாங்கும் கடைசி எல்லை −27 டிபிஎம். மீட்டர் −26 காட்டும்போதும் விளக்கு பச்சையாகத்தான் எரியும். அப்போது வந்த டெக்னீஷியனைத் திருப்பி அனுப்பிவிடாமல், கனெக்டரைத் துடைத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.