சின்ன வயதில் பக்கவாதம்: வாய் கோணினால் முதலில் மணியைப் பாருங்கள்

எங்கள் சித்தப்பா மகனுக்கு அப்போது 36 வயது. ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக மலைமேல் கேரளப் பக்கம் இருக்கும் வண்டன்மேட்டுக்கு ஜீப் ஓட்டுபவன். ஒருநாள் விடியற்காலை டீக்கடையில் வலது கையிலிருந்து கிளாஸ் நழுவியது, எடுத்துக் கொடுத்தால் திரும்பவும் நழுவியது, பேச்சும் குழறியது. ராத்திரி குடித்தது இன்னும் இறங்கவில்லை போல என்று சொல்லிப் பின்சீட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர மதியமாகிவிட்டது. இன்றைக்கும் அவனால் வலது கையால் சட்டைப் பட்டன் போட முடியாது.

சின்ன வயதுக்காரனுக்கு வாதமா வரும் என்ற நினைப்புதான் நேரத்தைத் தின்கிறது. சந்தேகமாக இருந்தால் சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று கீழே இறங்குகிறதா? நீங்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். திடீரென்று நடை தள்ளாடுவது, பார்வை மறைவது, இதுவரை வராத மாதிரி மண்டையைப் பிளக்கும் தலைவலி, இதுவும் அதில் சேர்த்திதான். பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும், அடுத்து பெரிதாக வரலாம்.

அப்புறம் மணி. ஆள் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தாமதமானாலும் விட்டுவிடாதீர்கள், சிலருக்கு கட்டியைக் குழாய் விட்டு எடுக்க 24 மணி நேரம் வரைகூட வாய்ப்பு உண்டு. 108 கேரளப் பக்கமும் உண்டு, தமிழ்நாட்டுப் பக்கமும் உண்டு. ஆனால் ராத்திரியிலும் சிடி ஸ்கேன் எடுக்கிற ஆஸ்பத்திரி உங்களுக்கு எது பக்கம், மேலே கட்டப்பனையா, கீழே தேனியா என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

தண்ணீர், காபி எதுவும் கொடுக்காதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். ஆஸ்பிரினும் வேண்டாம், மூளையில் அடைப்பா ரத்தக்கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும், கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை இன்னும் மோசமாக்கிவிடும். புறா ரத்தம் தேய்க்கிறேன் என்று யாராவது வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

காரணம் என்று பார்த்தால் முதலில் பிரஷர்தான். என் தம்பிக்கு பிரஷர் இருந்ததே அன்றைக்குத்தான் தெரிந்தது. முப்பது தாண்டியவர்கள் வருஷம் ஒருமுறையாவது பாருங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. 140/90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரைப் பாருங்கள். பீடி, சிகரெட், புகையிலை, சர்க்கரை, குடி, சின்ன வயதில் காய்ச்சலால் கெட்டுப்போன இதய வால்வு, இவையும் உண்டு. சலூனில் கழுத்தைச் சொடுக்கிவிடச் சொல்லாதீர்கள், அபூர்வமாக என்றாலும் கழுத்து ரத்தக்குழாய் உள்ளே கிழிந்து வாதம் வரும்.

பெண்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற ஆறு வாரத்துக்கு ரத்தம் சீக்கிரம் உறையும். பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது, உடம்பில் நீர் வற்றினால் மூளையின் ரத்தநாளத்தில் கட்டி உண்டாகலாம். தாகத்துக்குத் தாராளமாகக் கொடுங்கள். அவளுக்குத் தலைவலி விடாமல் இருந்து, வாந்தியோ வலிப்போ வந்தால் பிரசவ அலுப்பு என்று விட்டுவிடாமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள். கண்முன்னே வெளிச்சம் நெளிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், கருத்தடை மாத்திரையோ கோயில் திருவிழாவுக்காகத் தீட்டைத் தள்ளிப்போடும் மாத்திரையோ மெடிக்கலில் தானாக வாங்கிப் போடாமல், தலைவலி விவரத்தை டாக்டரிடம் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.