போட்டிப் படத்துக்குக் கருத்து சொல்வதும் கேட்பதும்

எங்கள் ஒளிப்படக் குழுவில் மாதப் போட்டி முடிந்ததும் படங்களைத் திரையில் போட்டுப் பேசும் அமர்வை நடத்துவது என் பொறுப்பு. அவ்வப்போது நடுவராகவும் உட்கார்கிறேன். ஒரு படத்தில் எங்கே இடிக்கிறது என்பதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சரியாகவே பிடித்துவிடுகிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் வைத்தியம்தான் பாதி நேரம் பொருந்துவதில்லை. சொல்பவரும் கேட்பவரும் இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் மனக்கசப்பு பெருமளவு குறையும்.

ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஜன்னலோரம் ஒரு பாட்டி ஊசியில் நூல் கோக்கிறார். இடப்பக்க ஜன்னல் வெளிச்சம் முகத்திலும் விரல்களிலும் விழுகிறது. நூல் சிவப்பு. வலது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி. போட்டித் தலைப்பு ‘கைகள்’.

இதற்கு வரும் கருத்துகளை இப்போதே சொல்லிவிடலாம். ஒருவர் “வலப்பக்கம் க்ராப் செய்யுங்கள்” என்பார். இன்னொருவர் “கருப்பு வெள்ளையாக்கினால் தூக்கலாக இருக்கும்” என்பார். மூன்றாமவர் வாளியைக் குளோன் செய்து, அதாவது பக்கத்துப் பரப்பை நகலெடுத்து மேலே பூசி, அழிக்கச் சொல்வார். நான்காமவருக்கு வாளி கண்ணில் படவே இல்லை, ஆனால் “என்னவோ வலப்பக்கம் கனமாக இருக்கிறது” என்பார். நாலு பேரும் சொல்வது ஒன்றைத்தான்: அந்த வாளி கண்ணை இழுக்கிறது.

வைத்தியங்களைப் பார்ப்போம். வலப்பக்கம் வெட்டினால் வாளியோடு பாட்டியின் முழங்கையும் போய்விடும். ‘கைகள்’ என்ற தலைப்பில் கை எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போவது நல்லதல்ல. கருப்பு வெள்ளையில் வாளியை அடக்க, சிவப்பு எவ்வளவு வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்று மென்பொருளில் கூட்டிக் குறைக்கும் சிவப்பு ஸ்லைடரைக் கீழே இறக்கினால், அதே நிறத்தில் இருக்கும் நூலும் கறுத்து, நிழலோடு கலந்துவிடும். படத்தின் உயிரே அந்த நூல்தான். குளோன் செய்வது திறந்த பிரிவில் சரி, பத்திரிகை, ஆவணப் பிரிவுகளில் கூடாது. மிஞ்சுவது என்ன? வாளியின் மேல் மட்டும் பிரஷ் ஓட்டி, பிரிவின் விதி அனுமதிக்கும் அளவுக்கு வெளிச்சத்தையும் நிறச்செறிவையும் இறக்கலாம். சிவப்பு ஒரே இடத்தில், விரல்நுனியில் மட்டும் நிற்கும். அதைவிட எளிய வழி, படம் எடுக்கும் முன் வாளியைக் காலால் ஓரந்தள்ளியிருப்பது. ஆனால் அதை எப்போது சொல்வது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு, பிறகு வருகிறேன்.

கருத்து சொல்லும்போது நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் விதியும் தலைப்பும். அழகைப் பற்றி ஐந்து வரி எழுதிய பிறகு “அடடா, இது இயற்கைப் பிரிவாயிற்றே, இலையை அழித்திருக்கிறீர்களே” என்பது இருவருக்கும் வீண் வேலை. சலூன்கள் எனப்படும் சர்வதேச ஒளிப்படப் போட்டிகளில் இயற்கைப் பிரிவுக்கான வரையறை கறாரானது. க்ராப் செய்யலாம், ஆனால் படத்தில் இருந்ததை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. பெரிய மேடையிலும் விதிதான் முதலில் நிற்கிறது. ‘வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்’ போட்டியில் 2017இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புத்தின்னிப் படத்தை, அதில் இருப்பது பாடம் செய்யப்பட்ட உடல் என்று நிபுணர்கள் கருதியதால், 2018இல் தகுதிநீக்கம் செய்தார்கள். படம் எவ்வளவு அழகு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லாமல் போனது.

அடுத்து, படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். படங்கள் குவியும் போட்டியில் முதல் சுற்றில் ஒரு படத்துக்குச் சில நொடிகள்தான் கிடைக்கும். சிறிய அளவில் உருவம் பிரிந்து தெரியாத படம் அந்தச் சில நொடிகளில் தோற்றுவிடும். பிறகு முழுத்திரையில் பார்த்து, கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே போனது, எந்த ஓரத்தில் வெளியே வழுக்கியது என்று எழுதுங்கள். “காம்போசிஷன் வீக்” என்பதைவிட “என் கண் முகத்துக்குப் போகும் முன் வாளிக்குப் போய்விட்டது” என்பது நூறு மடங்கு பயன் தரும். முதலாவதை மறுத்து வாதாடலாம். இரண்டாவதை எப்படி மறுப்பது? உங்கள் கண் போனது போனதுதான்.

தொழில்நுட்பக் குறையை இதற்கு அப்புறம்தான் தொட வேண்டும். அதையும் பெயரிட்டுச் சொல்ல வேண்டும். “ஷார்ப்பாக இல்லை” என்பது குறையே அல்ல, குறையின் அறிகுறி. நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. 200 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்து எடுப்பவருக்குக் குறைந்தது 1/200 நொடி ஷட்டர் வேகம் வேண்டும் என்ற பழைய கணக்கை நினைவூட்டலாம். அதிர்வைத் தாங்கும் வசதி இருந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். பின்னணி கூர்மையாக இருந்து, ஓடும் பிள்ளை மட்டும் கலங்கியிருந்தால் அது பொருளின் அசைவு. அதற்கு முக்காலி உதவாது, ஷட்டர் வேகம்தான் கூட வேண்டும். காது கூர்மையாக, கண் மங்கலாக இருந்தால் ஃபோகஸ் தப்பிய இடம் வேறு. இவை எதுவும் இல்லாமல் இருண்ட விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடினால், மென்பொருளில் ஷார்ப்னெஸை அளவுக்கு மீறித் தீட்டியிருக்கிறார்கள். மூன்று கலங்கலும் ஒரு தீட்டலும், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பதில். ஒரே சொல்லில் நாலையும் அடக்கினால் அவர் தேவையே இல்லாமல் போய் முக்காலி வாங்குவார்.

வெளிச்சம், நிறம் பற்றிச் சொல்லும் முன் உங்கள் திரையைச் சந்தேகியுங்கள். ஃபோனில் முழு வெளிச்சம் வைத்துப் பார்த்துவிட்டு “நிழலில் விவரம் நன்றாக இருக்கிறது” என்று சொல்லாதீர்கள். வானம் வெளுத்திருந்தால் ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு, இருக்கிறதா என்று கேளுங்கள். ராவில் கொஞ்சம் மீட்க வாய்ப்புண்டு, ஜேபெக்கில் வெள்ளையாகிவிட்டது வெள்ளையாகிவிட்டதுதான். எடுத்தவரின் கணினியில் பளிச்சென்று இருந்த நிறம் மற்றவர் திரையில் சோர்ந்து தெரிந்தால், அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிற அமைப்பில் சேமித்திருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றினால் தீர்ந்தது. ரசனைக் குறை என்று நாம் முகம் சுளிக்கும் சில படங்கள் வெறும் ஏற்றுமதிக் கோளாறுதான்.

ரசனையைக் கடைசியில், அது உங்கள் ரசனை என்று சொல்லியே எழுதுங்கள். எனக்கு ஓரங்களைக் கறுப்பாக்கும் விக்னெட் பிடிக்காது. இது என் ஒவ்வாமை, விதியல்ல.

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன். கடைசித் தேதிக்கு முன் கருத்து கேட்பவருக்குத் திருத்தக்கூடியதை மட்டும் சொல்லுங்கள்: க்ராப், சாய்ந்த தொடுவானம், வாளியின் வெளிச்சம், நெருக்கமான இரண்டு ஃபிரேம்களில் எதை அனுப்புவது. “இரண்டடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால்” என்பது அன்றைக்கு வயிற்றெரிச்சலைத்தான் கிளப்பும். முடிவு வந்த பிறகு அதே வாக்கியம் பொன்னாகும், அடுத்த முறை நிற்கும் இடத்தை அது மாற்றும். நீங்களே அந்தப் போட்டியின் நடுவர் என்றால் முடிவுக்கு முன் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்.

கேட்பவர் பக்கம். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும், கேள்விக்கேற்ற பதில். “கண் முதலில் எங்கே போகிறது?”, “இந்த இரண்டு க்ராப்பில் எது?”, “தலைப்பு சொல்லாமலே புரிகிறதா?” என்று கேளுங்கள். விடியற்காலையில் எழுந்து முழங்கால் சேற்றில் நின்று எடுத்த கதையை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். அதைக் கேட்டவர் உங்கள் உழைப்பைத்தான் பார்ப்பார், படத்தைப் பார்க்க மாட்டார். நடுவருக்கு அந்தச் சேறு தெரியப்போவதில்லை.

பேசுபவரைப் பேசவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், நடுவில் விளக்கம் வேண்டாம். எங்கள் அமர்வில் எடுத்தவர் கடைசியில்தான் வாய் திறக்கலாம் என்று வைத்திருக்கிறோம். முதலில் எல்லோரும் முணுமுணுத்தார்கள், இப்போது அதைத்தான் விரும்புகிறார்கள். குறிப்பை இரண்டு பத்தியாக எழுதுங்கள், ஒன்றில் இடம், மற்றதில் வைத்தியம். ஒரே இடத்தைப் பலர் சுட்டினால் அங்கே கோளாறு இருக்கிறது, ஒப்புக்கொள்ளுங்கள். வைத்தியத்தை நீங்களே தேடுங்கள். ஒருவர் மட்டும் சுட்டினால் அவர் யார் என்று பாருங்கள். பறவைப் படக்காரர் தெருப் படத்தில் நாய்ஸை, அதாவது புள்ளிப்புள்ளியான சொரசொரப்பை, குறை சொல்வது வழக்கம்தான். அன்றிரவே எடிட் செய்ய உட்காராதீர்கள். உட்கார்ந்தே தீருவேன் என்றால் நகலில் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

மதிப்பெண் மட்டும் வந்து கருத்து வராவிட்டால் கூட்டுத்தொகையைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். மூன்று நடுவர்கள் ஐந்துக்குப் போட்டு 12 வந்திருக்கிறது என்று வைப்போம். 4, 4, 4 என்றால் எல்லோருக்கும் பிடித்த, யாரையும் உலுக்காத படம். 5, 5, 2 என்றால் ஏதோ ஒன்று ஒருவரைக் கடுமையாக இடித்திருக்கிறது, சில சமயம் அது விதிப் பிரச்சினையாகவும் இருக்கும். இந்த இரண்டாவது வகையில் ஏற்பாட்டாளரிடம் கேட்கலாம். “ஏன் எனக்குப் பரிசு இல்லை?” என்று எழுதினால் பதில் வராது. படத்தை இணைத்து, “இதில் பிரிவு விதியை மீறிய ஏதாவது இருந்ததா?” என்று ஒரே வரியில் கேளுங்கள். பதில் வந்தால் நன்றி சொல்லுங்கள், வாதத்தைத் தொடராதீர்கள்.