புது வீட்டின் ஏ.சி.: பராமரிப்பும் அதற்கு ஆகும் செலவும்

வெளிநாட்டில் புதிதாகக் குடியேறும் குடும்பங்கள் வாடகை, போக்குவரத்து, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தாலும், வீட்டு ஏ.சி.யின் பராமரிப்பை அந்தக் கணக்கில் சேர்ப்பது அரிது. கோடையின் உச்சத்தில் இயந்திரம் நின்றுபோகும்போதுதான் அதன் செலவு தெரியவருகிறது. கூலி உயர்ந்த நாடுகளில், மாற்றப்படும் பாகத்தின் விலையைவிட, ஆள் வந்து பார்ப்பதற்கும் அவர் வேலை செய்யும் நேரத்துக்குமான கட்டணமே பல நேரங்களில் பில்லில் பெரிதாக நிற்கும். ஆகவே, நம்மால் பாதுகாப்பாகச் செய்யக்கூடியதை நாமே தவறாமல் செய்துவிட்டு, மற்றதற்கு மட்டும் ஆளை அழைப்பதும், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதும் முதல் ஆண்டிலேயே பழகிக்கொள்ள வேண்டியவை.

வாடகை வீடு என்றால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே ஏ.சி. பற்றிய பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஃபில்டரைச் சுத்தமாக வைத்திருப்பது குடியிருப்பவரின் பொறுப்பு என்றும், கம்ப்ரசர் (வாயுவை அழுத்திச் சுற்றவிடும் பாகம்) போன்ற பெரிய பழுதுகள் உரிமையாளரின் பொறுப்பு என்றும் எழுதியிருப்பது வழக்கம். ஆனால் சில ஒப்பந்தங்கள், குறிப்பிட்ட இடைவெளியில் சர்வீஸ் செய்து ரசீதையும் காட்ட வேண்டும் என்று குடியிருப்பவரையே கட்டுப்படுத்தும். குடிபுகும் நாளிலேயே ஒவ்வோர் அறையின் ஏ.சி.யையும் கால் மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே இழுக்கப்படும் காற்றின் வெப்பத்தையும் வெளியே வரும் காற்றின் வெப்பத்தையும் ஒரு சாதாரண வெப்பமானியால் அளந்து பாருங்கள். இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது இரண்டுக்கும் இடையே பொதுவாக 8 முதல் 11 டிகிரி செல்சியஸ் வரை வித்தியாசம் இருக்கும். அதைவிட மிகக் குறைவாக இருந்தாலோ, சுவரில் தண்ணீர்க் கறை தெரிந்தாலோ, படம் எடுத்து அன்றே உரிமையாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். பின்னால் யார் செலவு செய்வது என்ற பேச்சு வரும்போது இந்த ஒரு கடிதம் உங்களைக் காக்கும்.

பராமரிப்பில் முக்கால் பங்கு ஃபில்டர்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். சுவரில் மாட்டும் ஸ்பிலிட் ஏ.சி.யில் முன்மூடியைத் தூக்கினால் வலைபோன்ற ஃபில்டர் கையோடு வந்துவிடும். வீடு முழுவதற்கும் குழாய் வழியே காற்று அனுப்பும் சென்ட்ரல் ஏ.சி.யில், காற்றை உள்ளிழுக்கும் பெரிய கிரில்லுக்குப் பின்னாலோ இயந்திரத்துக்குப் பக்கத்திலோ அட்டைச் சட்டமிட்ட ஃபில்டர் இருக்கும், அதன் அளவு சட்டத்தின் ஓரத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். வலை ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நிழலில் முழுவதும் உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். கொதிநீர் பட்டால் வலை வளைந்துபோகும். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். அட்டை ஃபில்டரைக் கழுவ முடியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து ஒளி ஊடுருவவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், எப்படியும் மூன்று மாதத்துக்கு மேல் விட வேண்டாம். அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டும்படி அதைப் பொருத்த வேண்டும் என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை.

இதனால் எவ்வளவு மிச்சம் என்பதை நீங்களே கணக்கிடலாம். ஒரு டன் ஏ.சி., அதாவது மணிக்கு 12,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) அல்லது ஏறக்குறைய 3.5 கிலோவாட் குளிர்ச்சித் திறன் கொண்ட இயந்திரம், முழு வேகத்தில் ஓடும்போது சுமார் ஒரு கிலோவாட் மின்சாரம் எடுக்கும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் அப்படி ஓடினால் மாதத்துக்கு 240 யூனிட். அடைத்துப்போன ஃபில்டரை மாற்றுவதால் ஏ.சி.யின் மின்செலவு 5 முதல் 15 சதவீதம் வரை குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறியிருக்கிறது. பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டாலே மாதம் 24 யூனிட். உங்கள் மின்கட்டண ரசீதில் உள்ள யூனிட் விலையால் அதைப் பெருக்கிப் பாருங்கள்.

ஃபில்டருக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது தண்ணீர் வடியும் டிரெயின் பைப். உள்ளே பாசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவரிலும் கூரையிலும் இறங்கி, ஏ.சி. பழுதைவிடப் பெரிய செலவை இழுத்துவிடும். வெளியே உள்ள யூனிட்டைச் சுற்றி இரண்டடி தூரத்துக்குச் செடியோ பெட்டியோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தை முற்றிலும் துண்டித்த பிறகு, அழுத்தம் குறைந்த தண்ணீரால் வெளிப்பக்கத் தூசியைக் கழுவலாம். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும். அந்த யூனிட்டின் மூடியை மட்டும் நீங்கள் திறக்கவே வேண்டாம், ஏனென்றால் உள்ளே உள்ள கெபாசிட்டர், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஆளைத் தூக்கியடிக்கும் அளவுக்கு மின்னேற்றம் வைத்திருக்கும்.

ஆண்டுக்கு ஒரு முறை, கோடை தொடங்கும் முன்பே, பயிற்சி பெற்ற ஒருவரை அழைத்துச் சர்வீஸ் செய்வது நல்லது. முதல் வெப்ப அலை வந்த பிறகு அழைத்தால் காத்திருப்பும் அதிகம், கட்டணமும் அதிகம். அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்: வந்து பார்ப்பதற்கான கட்டணம் தனியா, பழுது பார்த்தால் அதில் கழியுமா; விலை ஓர் ஏ.சி.க்கா, வீடு முழுவதற்குமா; மாலையிலும் வாரக் கடைசியிலும் கூடுதல் உண்டா; வரி சேர்த்த தொகையா. கெமிக்கல் வாஷ் என்பது வாயு ஓடும் உலோகக் குழாய்ச் சுருளான காயிலையும் காற்றாடியையும் ரசாயனம் கொண்டு கழுவும் வேலை. நேரம் அதிகம் எடுப்பதால் சாதாரண சர்வீஸைவிடப் பல மடங்கு ஆகலாம், ஒவ்வொரு முறையும் அது தேவைப்படாது. சென்ட்ரல் ஏ.சி. உள்ள வீடுகளுக்கு, காற்றுக் குழாய்களை ஆண்டுதோறும் சுத்தம் செய்ய வேண்டும் என்று தொலைபேசியில் வற்புறுத்துவோரும் உண்டு. பூஞ்சையோ எலித் தொல்லையோ கண்ணுக்குத் தெரியாதவரை அது அவசியமில்லை.

அதிகம் ஏமாற இடமுள்ளது, அறையைக் குளிர்விக்கும் வாயுவான கேஸ் விஷயத்தில். ஏ.சி.யில் உள்ள கேஸ் வண்டியில் போடும் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே வாயுதான் ஆண்டுக்கணக்கில் சுற்றிவருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் ஆண்டுதோறும் கேஸ் நிரப்பிவிட்டுப் போகிறவருக்கு நீங்கள் ஒரே பழுதுக்குத் திரும்பத் திரும்பப் பணம் கொடுக்கிறீர்கள். முறையாக வேலை செய்பவர் கசிவைத் தேடி அடைத்து, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துச் சோதித்து, வேக்கம் பம்ப் கொண்டு குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகு, யூனிட்டின் பெயர்ப்பலகையில் எழுதியுள்ள எடைக்குத் தராசு வைத்து கேஸ் நிரப்புவார். எத்தனை கிராம், எந்த வகை என்று பில்லில் எழுதித் தரும்படி கேளுங்கள். ஓசோன் படலத்தைச் சிதைக்கும் ஆர்-22 வாயுவை 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் நாடுகள் படிப்படியாகக் கைவிட்டுவருவதால், பழைய இயந்திரங்களுக்கு அது கிடைப்பது அரிது, விலையும் அதிகம். புதிய ஏ.சி.களில் பரவலாக இருக்கும் ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது. இவற்றைக் கையாளப் பல நாடுகளில் உரிமமோ சான்றிதழோ கட்டாயம். அதைக் காட்டும்படி கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

குளிர் நாடுகளில் பல வீடுகளில் அதே ஏ.சி.யே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் பயன்படும். அப்போது வெளி யூனிட்டில் உறைபனி படிவதும், அவ்வப்போது அது உருகி ஆவி கிளம்புவதும் இயல்பு. அதற்காக ஆளை அழைக்க வேண்டியதில்லை. கோடையில் உள் யூனிட்டின் காயிலில் பனிக்கட்டி படிந்தால் அது வேறு கதை. குளிரூட்டலை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஓடவிட்டு, முழுவதும் உருகிய பிறகு ஃபில்டரைப் பாருங்கள். சுத்தமான ஃபில்டரோடும் மீண்டும் உறைந்தால் டெக்னீஷியனை அழையுங்கள்.

பழுதுகளில் கெபாசிட்டர் மலிவான பாகம், அதற்கு நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் வருகைக் கட்டணமே. எலக்ட்ரானிக் போர்டு அதைவிடப் பல மடங்கு. கம்ப்ரசர் போனால் புது இயந்திரத்தின் விலைக்கு அருகில் வந்துவிடும். வாரண்டி பெரும்பாலும் பாகத்துக்கு மட்டுமே, கூலிக்கு அல்ல. சர்வீஸ் ரசீதுகளையும் சில நிறுவனங்கள் கேட்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். பத்து வயது தாண்டிய ஏ.சி.க்குப் புதியதன் விலையில் பாதிக்கு மேல் செலவாகும் என்றால், சொந்த வீட்டுக்காரர் மாற்றிவிடுவதே மேல். புதியதற்கு விலைப்பட்டியல் வாங்கும்போது, பழைய யூனிட்டிலுள்ள கேஸைக் காற்றில் விடாமல் உருளையில் சேகரிப்பதும், அதை அகற்றி எடுத்துச்செல்வதும் அந்தத் தொகைக்குள் அடக்கமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.