ஃபுளோரிடாவில் வீடு கட்டுகிறீர்களா? தனியார் ஆய்வாளரையும் அமர்த்தலாம்

ஃபுளோரிடாவில் வீடு கட்டுபவர்கள், வரைபடச் சரிபார்ப்புக்கும் கட்டுமான ஆய்வுக்கும் நகராட்சி ஆட்களுக்காகவே காத்திருக்க வேண்டியதில்லை. மாநிலச் சட்டம் 553.791-இன்படி, உரிமம் பெற்ற தனியார் பொறியாளரையோ கட்டடக் கலைஞரையோ அமர்த்தலாம். உள்ளூர் கட்டட அதிகாரிக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

ஒன்று முக்கியம்: வீட்டை வடிவமைத்த அல்லது கட்டுகிற நிறுவனமே அதை ஆய்வு செய்யக் கூடாது. "எல்லாம் நாங்களே பார்த்துக்கிறோம் சார்" என்று ஒப்பந்ததாரர் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். ஆய்வாளரின் தொழில் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றையும் (அவர் வேலையில் பிழை நேர்ந்தால் ஈடுகட்டும் காப்பீடு) கேட்டு வாங்குங்கள்.

தனியாருக்கான கட்டணம் உங்கள் கையிலிருந்துதான். ஆனால் நகராட்சிக்கு மிச்சமாகும் செலவுக்கு ஏற்ப அனுமதிக் கட்டணத்தைக் குறைக்கச் சட்டமே சொல்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள். அப்புறம், கட்டி முடித்த வீட்டில் குடியேறுவதற்கான சான்றிதழ் எப்படியும் உள்ளூர் அதிகாரியிடமிருந்துதான் வரும்.