"இன்னொரு தடவை சொல்லு" என்று சிரிக்கிறார்களா?

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரமே இது நடக்கும். ஏதாவது ஒரு சொல்லை இழுத்துச் சொல்லியிருப்பார்கள், கூட வேலை செய்கிறவர்கள் "இன்னொரு தடவை சொல்லு" என்பார்கள், சொன்னதும் சிரிப்பு. நான் சேர்ந்த ஜவுளிக்கடையில் எனக்கும் நடந்தது. மூன்றாம் தடவை சொல்லும்போது, மடித்த துண்டையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். அப்புறம் இரண்டு மாசம், விலை கேட்டால் விலை சொல்வேன், அவ்வளவுதான்.

உங்களுக்கு நடந்தால் திரும்பச் சொல்லாதீர்கள். முகத்தைப் பார்த்து "புரியலைங்களா?" என்று மட்டும் கேளுங்கள். நிஜமாகவே புரியாதவர் "ஆமாப்பா, எந்த ரேக்குன்னு சொன்னே?" என்று விஷயத்துக்கு வருவார், அவருக்கு நிதானமாகச் சொல்லுங்கள். சிரிக்க வந்தவர் நகர்ந்துவிடுவார்.

நாங்கள் மலையாளிகள் என்றதும் "கேரளாவா?" என்பார்கள். இல்லை, சேர்வராயன் மலைக்காரர்கள், பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக வீட்டில் சொல்வார்கள். நாங்கள் பட்டியல் பழங்குடி. கேலி பேச்சோடு நிற்காமல், ஜாதியைச் சொல்லி நாலு பேர் முன்னால் இழிவுபடுத்துகிற அளவுக்குப் போனால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தேதி, நேரம், கூட நின்றவர்கள் யார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள்.

ஆள் எடுக்கிறவர்களுக்கு: "பேச்சு சரியில்லை, குடோனுக்கு அனுப்பு" என்பதை தயவுசெய்து நிறுத்துங்கள். பத்து பில்லைக் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள், ஒரு சேலையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள், அதைப் பார்த்து முடிவு பண்ணுங்கள். இந்த ஊரிலேயே தறிக்காரர் வீடுகளில் சௌராஷ்டிரமும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள், அவர்களிடம்தானே வருஷக்கணக்காகச் சரக்கு வாங்குகிறீர்கள்?

எல்லாவற்றையும் விட முக்கியம் பக்கத்தில் நிற்பவர். சிரிக்காமல் இருந்தால் மட்டும் போதாது. சொன்ன விஷயத்துக்கு உடனே பதில் கொடுங்கள், "சரிம்மா, அந்த நீலக்கரையை எடு" என்று. பேச்சு வேலைக்குத் திரும்பிவிடும். ஏற்கெனவே வாயடைத்துப் போனவர் என்றால் அவருக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். எங்கள் கடையில் ஒரு அக்கா, "உங்க ஊர்ல காப்பிப் பழம் பறிக்க ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று கேட்டார். நான் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கிறவரைக்கும் இடையில் ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தார்.